எச்சில் படாத சமையல்

ஜூன் 11, செவ்வாய்

இந்தத் தெருவில் சாப்பிடத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. பல்கலைக்கழகத்தின் வடக்கு வாசலிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் பதினாலு கடை. பதினாலிலும் கூட்டம். சோறு என்று எதைக் கொட்டினாலும் தின்கிற பிள்ளைகள். எங்கள் மெஸ்ஸில் மட்டும் பங்குனிக்குப் பிறகு பாதிப் பந்தி காலியாகக் கிடக்கிறது.

அப்பா காரணம் கண்டுபிடித்துவிட்டார். மற்ற கடைக்காரர்கள் எதையோ கலக்கிறார்களாம். அது என்னவென்று நான் போய்ப் பார்க்க வேண்டுமாம். மத்தியானப் பந்தி முடிந்ததும் தினம் ஒரு கடை. சைவக் கடை மட்டும். அப்பா போனால் அடையாளம் தெரிந்துவிடும், போதாததற்குப் பேசாமலும் இருக்க மாட்டார்.

"உன்ன யாரு கவனிக்கப் போறா? மூலையில ஒக்காந்து தின்னுட்டு வந்து சொல்லு, போதும்" என்றார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்.

எங்கள் மெஸ்ஸைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நாயகி சைவ மெஸ். நாயகி என்பது அம்மா, முழுப் பெயர் தில்லைநாயகி. வாசல் போர்டில் பெயருக்குக் கீழே 'எச்சில் படாத சமையல்' என்று இருக்கும். அம்மா சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. சாமிக்கு வைப்பதற்கு முன்னால் யார் நாக்கு பட்டாலும் அது எச்சில். எச்சிலானதைச் சாமிக்கும் வைக்கக் கூடாது, பந்தியிலும் பரிமாறக் கூடாது, கொட்டிவிட வேண்டும். அதனால் உப்பைக்கூட அம்மா ஆவியை முகர்ந்துதான் சொல்வாள். மோவாயைக் கொஞ்சம் தூக்கி, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுப்பாள். பிறகு ஒரு கை உப்பு. இருபது வருஷமாக அப்படித்தான். இதைச் சொல்லித்தான் அப்பா ஆள் பிடிக்கிறார்.

ஜூன் 12, புதன்

முதல் கடை, மணிக்கூண்டு டிபன் சென்டர். சாம்பாரில் பூசணித் துண்டு இருந்தது, பருப்பு இல்லை. என் பக்கத்து மேசையில் நாலு பேர் ஒரு கூம்பு ரோஸ்ட் வாங்கினார்கள். அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, அதைத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு ஒன்று. எடுத்து முடிப்பதற்குள் அது ஈரத் துணி மாதிரி மடிந்துவிட்டது. அப்புறம் 'செம' என்று சொல்லித் தின்றார்கள். எம்.எஸ்ஸி. படிக்கிறவர்களாம்.

அப்பாவிடம் பருப்பு இல்லை என்று சொன்னேன். அப்படியானால் ஏன் கூட்டம் என்று கேட்டார். அது என் வேலை இல்லை.

ஜூன் 14, வெள்ளி

எங்கள் மெஸ்ஸில் பால் அடிப்பிடித்துவிட்டது. பாயசத்தை யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. பாயசத்தின் அருமை தெரியாத கூட்டம்.

ஜூன் 17, திங்கள்

அன்னம் கலவை சாதக் கடை. பெயருக்குக் குறைச்சல் இல்லை. தயிர் சாதம் கேட்டேன். பரிமாறுகிறவன் காதில் பஞ்சு வைத்திருப்பான் போல. "என்னா? சத்தமா சொல்லு" என்றான். மறுபடியும் சொன்னேன். தக்காளி சாதத்தைக் கொண்டுவந்து வைத்தான். இவனிடம் மூன்றாவது தடவை பேசுவதற்கு எனக்கு என்ன தலையெழுத்து? தின்றுவிட்டு வந்தேன். தக்காளியில் சோடா உப்பு வாசனை. தயிர் சாதம் எப்படி இருக்கும் என்று அப்பா கேட்டார். புளிப்பு என்று சொன்னேன். தயிர் எங்கே போனாலும் புளிக்கத்தானே செய்யும்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு வாத்தியாரும் இப்படித்தான், சத்தமா, சத்தமா என்றார். பாடத்தை எழுந்து படிக்கச் சொல்லி ஒரு பீரியட் முழுக்க நிற்கவைத்தார். மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அவர்களும் தேடவில்லை. ஞானாம்பிகை என்று பெயர் வைத்துக்கொண்டு பத்தாவதோடு நின்றுவிட்டாள் என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு சிரிப்பு. சிரிக்கட்டும். அவர்கள் பிள்ளைகள் படித்து முடித்துக் கூம்பு ரோஸ்ட்டைத் தலையில் வைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 19, புதன்

காலையில் அப்பா முன்கட்டிலிருந்து ஓடி வந்து கத்தினார். கேஸ் அடுப்பின் திருகு திறந்தே கிடந்திருக்கிறது. தெரு வரைக்கும் நாற்றம். அம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து, "என்னாங்க?" என்றாள்.

அம்மாவுக்கு வேலை மும்முரம். அவ்வளவுதான்.

ஜூன் 22, சனி

ரசத்தில் உப்பு இல்லை. அம்மா கிணற்றடிக்குப் போயிருந்தபோது ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். உப்பு போட்டுக் கலக்கினேன். வாயைக் கொப்பளித்தேன். இன்றைக்கு ஒரு நாள்தான். யாருக்கும் தெரியாது.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று எழுதியது பொய். என் நோட்டிலேயே பொய் எழுதுவது கேவலம். பங்குனியில் அம்மா பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தாள் இல்லையா, அன்றிலிருந்து நான் தினம் பார்க்கிறேன். கொஞ்சமாக இருந்தால் போட்டுவிடுவேன். அதிகமாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நாட்களில்தான் ஆள் குறைந்தது. அம்மா இன்னும் மோவாயைத் தூக்கி, கண்ணை மூடி, மூச்சு இழுக்கிறாள். முன்னெல்லாம் மூச்சு இழுத்ததும் முகத்தில் ஒரு தீர்மானம் தெரியும். இப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

ஜூன் 25, செவ்வாய்

நூலகத்துக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. இரண்டே மேசை. கோமளா என்று ஒரு பொம்பளை நடத்துகிறாள். சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் மட்டும்தான். எங்கள் ஊரில் கொத்சு என்றால் நாங்கள்தான், வெள்ளிக்கிழமை தவறாமல் போடுவோம். இவள் தினம் போடுகிறாள், என்னவோ பெரிய கோயில் மடப்பள்ளி மாதிரி.

பார்க்கச் சகிக்கவில்லை. எல்லார் முன்னாலும் கரண்டியைத் தூக்கி உள்ளங்கையில் விட்டு நக்குகிறாள். புளி போதவில்லை என்று முகத்தைச் சுளித்துக் கொஞ்சம் விடுகிறாள், மறுபடியும் நக்குகிறாள். கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். எதிரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம், "இப்ப பாரு, இப்ப சரியா வந்துடுச்சு" என்கிறாள். அவர்களும் தலையாட்டுகிறார்கள். வெட்கங்கெட்ட கடை. அப்பாவிடம் அசிங்கம் என்று சொன்னேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஜூன் 27, வியாழன்

கோமளா கடைக்கு மறுபடியும் போனேன். சரிபார்ப்பதற்காக.

ஜூன் 28, வெள்ளி

மறுபடியும். நேற்று கூட்டத்தில் சரியாகப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 1, திங்கள்

இளவேனில் என்று ஒருத்தி வந்தாள். மொழியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். முழங்கால் வரைக்கும் தொங்கும் பை, பை நிறையப் பேனா. வருஷா வருஷம் ஜூலையில் புதுசாகச் சேர்கிற பிள்ளைகளுக்காக, வடக்கு வாசலில் எங்கே சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் போட்டு எல்லார் போனுக்கும் அனுப்புகிறாளாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வருஷத்துக்கு அவர்கள் மாடு மாதிரி ஒரே பாதையில் போவார்கள். பட்டியலை மூவாயிரம் பேர் படிக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

போன வருஷப் பட்டியலில் நாங்கள் இரண்டாவது. இந்த வருஷம் சேர்க்கலாமா என்று யோசிக்கிறாளாம். சாப்பாடு முன்னே மாதிரி இல்லை என்று நாலைந்து பேர் சொன்னார்களாம். அவள் இதை மெதுவாகத்தான் சொன்னாள். அப்பா மெதுவாக எதையும் கேட்கிறவர் இல்லை. எவன் சொன்னான் என்று சண்டைக்குப் போனவர், கடைசியில் இளவேனிலை வெள்ளிக்கிழமை சமையல்கட்டுக்கே வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். நாக்கில் வைக்காமல் அம்மா உப்பு போடுவதைப் போனில் படமாகவே எடுத்துக்கொள்ளலாமாம்.

"உள்ளாரயே வந்து நில்லு பாப்பா. மத்தவன் எவனாவது உள்ள விடுவானா கேளு" என்றார்.

அம்மா கரி பிடித்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

ஜூலை 3, புதன்

புதுப் பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். பெட்டி, வாளி, கூட அப்பா அம்மா. எல்லாரும் போர்டைப் படிக்கிறார்கள். இந்த ஒரு மாதம் விட்டால் வருஷம் முழுக்கப் பிடிக்க முடியாது. பட்டியலில் இல்லாவிட்டால் மெஸ்ஸை மூடிவிட்டுக் கடலூரில் மாமா வீட்டு மாடிக்குப் போக வேண்டியதுதான் என்று அப்பா சொன்னார். அந்த மாமிக்கு எங்களைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது.

ஜூலை 4, வியாழன்

உப்பு ஜாடியை ஒளித்துவைக்கலாம் என்று பார்த்தேன். ஒளித்துவைக்க முடியாத அளவுக்குப் பெரியது.

ஜூலை 5, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு இளவேனில் வந்தாள். கை கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா வாசற்படியில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். சம்பா சாதத்துக்கு மிளகு வறுப்பது, கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரிப்பது, எல்லாம். அவர் ஒரு நாளும் கத்தரிக்காய் சுட்டதில்லை.

கொத்சு கொதித்தது. அம்மா மோவாயைத் தூக்கி, கண்ணை மூடி, மூச்சு இழுத்தாள். ஒரு கை உப்பு போட்டாள். இளவேனில், "அம்மா, ஆவியில என்ன தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள். அம்மா அவள் பக்கம் திரும்பிப் பதில் சொன்னாள். உப்பு பத்தாவிட்டால் புளி வாசனை தனியாக நிற்கும், சேர்ந்துவிட்டால் கத்தரிக்காயோடு ஒட்டிக்கொள்ளும் என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். மறுபடியும் மோவாயைத் தூக்கினாள். மறுபடியும் ஒரு கை உப்பு போட்டாள்.

இளவேனிலுக்குத் தெரியவில்லை. அவளுக்கு எது முதல், எது இரண்டாவது என்று எப்படித் தெரியும்? அப்பா தெருவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் மட்டும் பார்த்தேன்.

வெளியே முப்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? இரண்டு தடவை போட்டுவிட்டாய் என்று அந்தப் போனுக்கு முன்னாலா? ஏன் போட்டாள் என்று அடுத்த கேள்வி வரும். அப்பாவுக்கே தெரியாது. சொல்லாமல் விட்டால் முப்பது இலையில் உப்புக் குழம்பு. முதல் வாயிலேயே இளவேனிலுக்குத் தெரிந்துவிடும்.

கரண்டியை எடுத்தேன். கொத்சை அள்ளி உள்ளங்கையில் விட்டேன். கோமளா மாதிரியே நக்கினேன். சத்தம் வரும்படி. நாக்கு சுட்டுவிட்டது. அப்புறம் அதே கரண்டியை அண்டாவுக்குள் போட்டேன்.

அப்பா போட்ட சத்தத்தில் வெளியே பேச்சு நின்றது. எச்சில் பண்ணிட்டியேடி என்றார். ஆள் பார்க்க, படம் எடுக்க, இத்தனை அலைச்சலா வாய்க்கு என்றார். மாடு என்றார். இளவேனில் போனைக் கீழே இறக்கினாள். நான் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அடுப்பை அணைத்தாள். "ஒரு கை புடி" என்றாள். இரண்டு பேரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைச் சாக்கடையில் கொட்டினோம். பந்திக்குச் சம்பா சாதமும், பருப்புத் துவையலும், அப்பளமும். கொத்சு இல்லை.

மூன்று மணிக்கு எல்லாரும் போன பிறகு அம்மா கொல்லையில் அண்டாவைக் கழுவினாள். நான் தண்ணீர் ஊற்றினேன்.

"ரெண்டு தடவ போட்டுட்டனா?"

"ம்."

"எத்தன நாளா பாக்குற?"

"பங்குனியிலேர்ந்து."

தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்டா அவ்வளவு அழுக்காக இல்லை.

ஜூலை 6, சனி

அப்பா என்னோடு பேசவில்லை. அமைதியாக இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

உப்பு போடுகிற நேரம் பார்த்து அம்மாவுக்குக் கறிவேப்பிலை தேவைப்படுகிறது. கொல்லைக்குப் போய்விடுகிறாள். பறித்தது தட்டு நிறைய அடுப்புக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அவள் திரும்பி வருவதற்குள் நான் பார்த்து முடித்துவிடுகிறேன். சாமிக்கு மூன்று நாளாகக் கல்கண்டு மட்டும்தான் வைக்கிறாள்.

ஜூலை 9, செவ்வாய்

பட்டியல் வந்துவிட்டது. அப்பா யாருடைய போனையோ வாங்கிவந்து சத்தமாகப் படித்தார். நாங்கள் முதலிடம். இளவேனில் எழுதியிருக்கிறாள்: 'எச்சில் படாத சமையல் என்பது வெறும் போர்டு என்றுதான் நினைத்திருந்தேன். சமையல்கட்டில் ஒரு சிறுமி ருசி பார்த்துவிட்டாள் என்பதற்காக, முப்பது பேர் காத்திருக்க, ஒரு அண்டா கொத்சை அவர்கள் சாக்கடையில் ஊற்றியதை என் கண்ணால் பார்த்தேன்.'

சிறுமியாம். எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது. ஆராய்ச்சி செய்கிறவளுக்கு ஒரு அண்டாவில் எத்தனை கை உப்பு விழுந்தது என்று பார்க்கத் தெரியவில்லை. ஆனால் பெரிய எழுத்தில் எழுதத் தெரிகிறது.

அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு கடலைமிட்டாய் கொடுத்தார். நீ செஞ்சதும் நல்லதுக்குத்தான் ஆச்சு என்றார்.

ஜூலை 10, புதன்

இடம் போதவில்லை. திண்டாட்டம். கோமளா கடைப் பக்கம் போன கூட்டமெல்லாம் இங்கே நிற்கிறது. நேற்று வரைக்கும் அவள் கையை நக்குவதைப் பார்த்துக்கொண்டே தின்றவர்கள், இன்று எங்களிடம் வந்து, சுத்தம்னா இதுதான் என்கிறார்கள். நாக்கு படாத ருசியே தனி என்று ஒருத்தன் கண்ணை மூடிச் சொன்னான். அந்த ரசத்தை நான் மூன்று தடவை நக்கியிருந்தேன்.

எனக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது. எச்சில் ஞானம். வாளியோடு போனால் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகள் என்ன சொன்னால் எனக்கென்ன? இரண்டு நாளாகப் பரிமாறுவதற்கு முன்னால் கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறேன். வெயில் அங்கே குறைவு.

ஜூலை 12, வெள்ளி

கொத்சு நாள். மூன்று பந்தி. இளவேனிலும் வந்திருந்தாள், கூட நாலைந்து சிநேகிதிகள். அம்மா கறிவேப்பிலை பறிக்கப் போனாள், வந்தாள். நான் ஒரு சிட்டிகை போட்டிருந்தேன், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

முதல் பந்தியில் வாளியை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலோரம் சந்தன நிறச் சட்டை போட்ட ஒருத்தன், கூட அவன் ஆட்கள். நான் குனிந்ததும் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"ஏ எச்சில் ஞானம், நக்காம ஊத்து" என்றான்.

அவன் ஆட்கள் சிரித்தார்கள். அடுத்த வரிசையிலும் சிரித்தார்கள். கல்லாவில் இருந்த அப்பாவும் கொஞ்சம் சிரித்தார், வாடிக்கையாளர் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

அம்மா சமையல்கட்டை விட்டு வெளியே வந்தாள். பந்தி நடக்கும்போது அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. கையெல்லாம் சோற்றுக் கஞ்சி. அப்பா எழுந்து, என்னா நாயகி, என்ன வேணும் என்றார். அம்மா அவரைப் பார்க்கவில்லை.

"அந்தப் புள்ள நக்கித்தான் பாத்துச்சு. இன்னிக்கும் பாத்துச்சு, நேத்தும் பாத்துச்சு" என்றாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை. "காய்ச்சல் வந்ததிலேர்ந்து எனக்கு வாசன போயிடுச்சு. மோந்தா ஒண்ணும் தெரியல, வாயில வச்சாலும் தெரியல. அன்னிக்கு உப்ப ரெண்டு தடவ போட்டது நானு. என்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு எச்சி பண்ணி அண்டாவக் கொட்ட வச்சது அவ. ஒரு வாரமா நீங்க நல்லாருக்குன்னு திங்கிறதெல்லாம் அவ நாக்கு பாத்த உப்புதான். புடிக்காதவங்க எந்திரிச்சுப் போங்க. கோவமில்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா வாய் திறந்தபடி நின்றார். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் பேசாமல் நிற்பதை இந்தத் தெரு முதல் தடவையாகப் பார்த்தது. இளவேனில் சாதத்தைப் பிசைந்த கையோடு இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பட்டியலில் எழுதியது ஞாபகம் வந்திருக்கும். பாவம் என்று நினைக்க வரவில்லை.

நாலு பேர் எழுந்து போனார்கள். நாலு பேரில் ஒருத்தன் அப்பளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். அது எண்ணெயில் பொரித்தது, நாக்கு படவில்லை என்று கணக்குப் போட்டிருப்பான். மற்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மணிக்கூண்டு வரைக்கும் இந்த வெயிலில் நடக்க வேண்டும். ஒரு பெண் முதலில் இலையை என் பக்கம் நகர்த்தினாள். இளவேனிலின் சிநேகிதி இல்லை, யாரோ புதுசு. ஊற்றினேன். அடுத்த இலை. அடுத்த இலை.

ஜன்னலோரத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இலையை மூடினவனுக்கு ஊற்றக் கூடாது, அது பந்தி முறை. எதிர் வரிசையில் பாதி முடிந்தபோது, "இங்க கொஞ்சம்" என்று குரல் வந்தது. கேட்காத மாதிரி நடந்தேன். அவன் ஆட்கள் எல்லாரும் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தன் விரலை நக்கினான்.

"இந்தாம்மா, கொத்சு" என்றான். அடுத்த இலைக்குப் போனேன். அதற்கடுத்த இலைக்குப் போனேன். வாளியில் அடி தெரிய ஆரம்பித்தது.

"அக்கா" என்றான்.

அவனுக்கு என்னைவிட ஐந்து வயதாவது கூட இருக்கும். திரும்பிப் போய் ஊற்றினேன். கொஞ்சமாகத்தான்.